ஆந்தையின் வலது காது

அக்கா உளியை ஆந்தையின் வலது காதில் வைத்தாள்.

இன்னும் மூன்றே அடி. மூன்றாவது அடியில் காது முடிந்துவிடும். காது முடிந்தால் ஆந்தை முடிந்துவிடும். ஆந்தை முடிந்தால் அக்கா நாளையிலிருந்து வரமாட்டாள்.

பெரியவர்களுக்கான மாலை நேரக் கல் செதுக்கும் வகுப்பில் சட்டம் ஒன்றுதான். சிலையை முடித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு மேசையைக் காலி செய்ய வேண்டும். உடைத்தவர் புதுக் கல்லை எடுத்து முதலிலிருந்து தொடங்கலாம். மேசைகள் எட்டு, காத்திருப்பவர்கள் நாற்பது பேர். அக்காவின் மேசைக்கு அடுத்த ஆள் ஒரு பஸ் டிரைவர். புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஹாரன் அடிக்காத குறையாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. நான் யானையில் தொடங்கினேன். தும்பிக்கை உடைந்ததும் பன்றி என்றேன். காதுகள் போனதும் நீர்நாய் என்றேன். இப்போது ஆமை. இப்படியே போனால் கூழாங்கல்லில்தான் முடிப்பேன் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

அக்காவும் நானும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. காரணம் பெரியதுதான். என் மகள் கல்யாணப் போட்டோவில் அக்காவின் கொண்டை என் முகத்தை மறைத்துவிட்டது. பெண்ணைப் பெற்றவன் படத்திலேயே இல்லை. நான் கத்தரியை எடுத்துப் போட்டோவிலிருந்து கொண்டையை மட்டும்தான் வெட்டினேன். கொண்டையோடு அக்காவும் போய்விட்டாள்.

நான் இந்த வகுப்பில் சேர்ந்த அடுத்த வாரம் எதிர் மேசைக்கு வந்து சேர்ந்தாள். தற்செயல் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதமாகச் செவ்வாயும் வியாழனும், ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, அவள் குரலைக் கேட்கிறேன். மாஸ்டர் வழியாக.

"மாஸ்டர், அந்த ஆளை அந்தப் பக்கம் திரும்பித் தும்மச் சொல்லுங்க. என் ஆந்தைக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

அந்த ஆள் இருப்பது இரண்டு கை தூரத்தில்.

சரி, காதுக்கு வருவோம். அதில் ஒரு விரிசல் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லில் முடி அளவு விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல் முழுக்கக் கறுத்து, பிறகு மெல்ல வெளுத்துக் காயும். விரிசல் ஓடும் இடம் மட்டும் சட்டென்று காயாமல் கறுப்பு நூல் மாதிரி நிற்கும். இது முதல் நாள் பாடம். அன்றைக்கு அக்கா வகுப்பிலேயே இல்லை.

அவள் வந்த புதிதில் என் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து அவள் கல்லை நனைத்துவிட்டது. என்னைப் பற்றி மாஸ்டரிடம் அவள் புகார் சொல்லி முடிப்பதற்குள் கல் காய்ந்துவிட்டது. அப்போது பார்த்தேன், உச்சியிலிருந்து வலப்பக்கமாக இறங்கிய அந்த நூலை. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. நாங்கள்தான் பேசுவதில்லையே.

முதல் அடி. டங்.

இறகு இறகாகச் செதுக்கியிருந்தாள். முகத்தில் எங்கள் அப்பாவின் முறைப்பை அப்படியே கொண்டுவந்திருந்தாள். அது எட்டு மாதமாக என்னைத்தான் முறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது அடி. டொக்.

சத்தம் மாறிவிட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. மாஸ்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உளியைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தே காதை முடித்துவிடுவாள். சான்றிதழோடு போய்விடுவாள். அடுத்த பத்தொன்பது வருடத்துக்கு எங்கள் இருவரிடமும் ஆயுள் கையிருப்பு இல்லை. சொல்லாவிட்டால் காது போகும், அக்கா இருப்பாள்.

சுத்தியல் மேலே போனது. ஆந்தை என்னை முறைத்தது.

"அக்கா! அந்தக் காதைத் தொடாதக்கா! விரிசல் இருக்கு!"

எட்டு மேசையிலும் உளிகள் நின்றன. அக்கா, தூசி படிந்த கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தாள்.

"மாஸ்டர், அந்த ஆளைச் சும்மா இருக்கச் சொல்லுங்க."

ஓங்கி ஒரு அடி.

காது, பாதி முகத்தையும் கூட்டிக்கொண்டு விழுந்து, உருண்டு, டிரைவரின் காலடியில் போய் நின்றது.

எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். கடைசி அடியில் கத்தி ஒரு வயதான பெண்ணின் கையை நடுங்க வைத்துவிட்டேனாம். மாஸ்டர் சான்றிதழை இழுப்பறையில் போட்டு மூடினார். டிரைவர் ஏப்ரனைக் கழற்றி மடித்தார்.

அக்கா அழவில்லை. பின்னால் இருந்த அலமாரிக்குப் போய் மூன்று கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"டேய், அந்தத் தண்ணியக் குடுடா."

டேய். பத்தொன்பது வருடம் கழித்து. தாகம் போலிருக்கிறது என்று மூடியைத் திறந்தே கொடுத்தேன். அவசரத்தில் பாதி மேசையில் கொட்டியது.

அவள் குடிக்கவில்லை. மூன்று கற்களின் மேலும் ஊற்றினாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

முதல் கல் வெளுத்தது. இரண்டாவதும் வெளுத்தது. மூன்றாவதன் குறுக்கே ஒரு கறுப்பு நூல் மட்டும் காயாமல் நின்றது.

நல்ல கல் இரண்டையும் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.