சாரைப்பாம்புக்கு வந்த ஷூ

புற்றில் குடியிருந்த சடையப்பன் என்ற சாரைப்பாம்பு எதையும் லேசில் நம்பிவிடாது. அதனால்தான் மைனா இரண்டு கிரெடிட் கார்டுகளோடு வந்தபோது உடனே தலையாட்டவில்லை.

"ரெண்டுக்குமே வருஷக் கட்டணம் கிடையாதுண்ணே. இதுக்குக் குடை இலவசம். அதுக்கு ஒரு ஜோடி ஷூ. மூணு மாசத்துக்குள்ள பத்தாயிரத்துக்குச் சாமான் வாங்கிடணும், அவ்வளவுதான்."

சடையப்பன் மூன்று நாள் சுருண்டு கிடந்து யோசித்தது. குடையைப் பிடிக்கக் கை வேண்டும். கையில்லாதவன் குடை வாங்கினால் ஊர் சிரிக்காதா? அதுவுமில்லாமல் ஷூதான் விலை கூடுதல்.

"ஷூ கார்டே குடு. என்னையா ஏமாத்த முடியும்?" என்றது.

வாரத்துக்கு ஒரு தவளையோடு திருப்திப்படும் பிராணி பத்தாயிரத்துக்கு எதைத்தான் வாங்கும்? குக்கர் வாங்கியது. கொசுவலை, இஸ்திரிப்பெட்டி, சீப்பு வாங்கியது. புற்று நிரம்பிவிட, மேலே பருந்து வட்டமடிக்க வெளியே படுத்துக்கொண்டது. கடைசி நாளில் இருநூறு ரூபாய் குறைந்தது. வரப்போகிற ஷூவுக்கென்று சாக்ஸ் வாங்கிச் சரிக்கட்டியது.

ஷூ வந்தது. தலையை ஒன்றிலும் வாலை இன்னொன்றிலும் நுழைத்துப் பார்த்துவிட்டு, சடையப்பன் மைனாவைக் கூப்பிட்டது.

"அருமையான ஷூப்பா. கால் இலவசமாக் குடுக்கிற கார்டு ஏதாவது இருக்கா?"

"இருக்குண்ணே. ஆனா ஒரு கார்டுக்கு ஒரு கால்தான்."

சடையப்பன் இந்த முறை யோசிக்கவேயில்லை.

"அப்ப ரெண்டு கார்டாக் குடு."