ராணியம்மாள் விரட்டிய கரடி

"கரடி உங்க மேல பாஞ்சப்போ எப்படி இருந்துச்சும்மா? நேயர்களுக்குச் சொல்லுங்க."

வாணியம்பாடியிலிருந்து பைக்கில் மலையேறி வந்திருந்த டிவி நிருபர் வக்கார் மைக்கை நீட்டினான். முந்தின நாள் இருட்டியதும் ராணியம்மாள் போட்ட "கரடி, கரடி" கூச்சலில் ஊரே கூடி, வாட்ஸ்அப் வழியாகச் செய்தி மலையிறங்கியிருந்தது.

"எங்கப்பா பாஞ்சுது? அது பாட்டுக்கு அடுப்பங்கரையில குந்திக்கினு பலாச்சொளை தின்னுது. கரண்ட் வேற இல்ல. உலக்கையால ஒண்ணு வெச்சேன். ஓடிப்போச்சு."

அருகில் நின்ற கணவர் கோபால்சாமிக்கு வியர்த்தது. இவள் எதையாவது உளறிவைத்தால் ஒடுகத்தூர் சம்பந்தி வீடு வரைக்கும் மானம் போய்விடும்.

"நல்ல பெரிய கரடி தம்பி!" என்று குறுக்கே புகுந்தார். "ஆளுயரம் இருக்கும். நகமெல்லாம் கத்தி மாதிரி."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"நானு... கொல்லைப் பக்கம்."

"பொண்டாட்டிய வுட்டுட்டு மாமா மரம் ஏறிட்டாருபோல!" என்றாள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மஞ்சுளா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோபால்சாமி மறுக்கவில்லை. அதோடு போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வக்கார் விடவில்லை. "ஆக்ரோஷமா உறுமியிருக்குமேம்மா?"

"கெழட்டுக் கரடிப்பா. முனகிச்சு, அவ்ளோதான். பாவமாப் போச்சு."

"அதெல்லாம் டிவியில எடுபடாதும்மா. உலக்கையக் கீழ வெச்சுட்டு இந்த முறத்தப் புடிங்க. முறத்தால புலிய வெரட்டுன பரம்பரைன்னு போட்டுடலாம்."

ராணியம்மாள் முறத்தை ஓங்கினாள். கேமரா ஓடியது. "கொலைவெறிக் கரடி! வீறுகொண்டு எழுந்த மலைமகள்!" என்று வக்கார் தொண்டை கிழியக் கத்தினான். கோபால்சாமிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பைக் வளைவில் மறைந்தது. கூட்டமும் கலைந்தது. ராணியம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"கெழட்டுக் கரடின்னு ஊரு முன்னால சொல்லியே ஆவணுமா உனுக்கு?" என்று பொருமினார் கோபால்சாமி.

"கறுப்புக் கம்பளியப் போத்திக்கினு இருட்டுல திருடித் தின்னா வேற இன்னான்னு சொல்றது?" என்றபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள் அவள். "சக்கரை வியாதிக்காரருக்குப் பலாப்பழம் கேக்குதா? திரும்புங்க, முதுகு இன்னும் வீங்கிக்கினுதான் இருக்குது."