நாளை திறக்கவேண்டிய குழி

புதுச் சட்டப்படி, பதினைந்து ஆண்டு மண்ணுக்குள் கிடந்துவிட்டால் மனித எலும்பும் தொல்பொருள்தான். தோண்டும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். அதற்கு முன்னால் கிடைத்தால் குடும்பத்திடம் கொடுத்தாக வேண்டும். மலை சரிந்து அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்து நாளையோடு பதினைந்து ஆண்டு.

மத்தியானம், ராக்கம்மாவின் வீடு இருந்த இடத்தில், தொல்லியல் மாணவி பனிமலரின் தூரிகைக்கு அடியில் மண்டையோடு ஒன்று தெரிந்தது. சரிவன்று அந்த வீட்டில் இருந்தவன் ராக்கம்மாவின் புருஷன் மட்டுமே.

பேராசிரியர் குழிக்குள் குனிந்து பார்த்தார். "முழு எலும்புக்கூடே இருக்கும். உன் ஆய்வுக்கு இது ஒண்ணு போதும். இன்னைக்குப் பதிவு பண்ணாத. மூடிட்டு நாளைக்குத் தெற."

"சார், அந்தக்கா மூணு மாசமா தெனமும் வந்து உக்காந்திருக்காங்க."

"அப்ப குடுத்துரு. அடுத்த வருஷமும் வந்து வேற குழி தோண்டு."

பனிமலர் தார்ப்பாயை விரித்து மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். குழியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பாலிருந்து ராக்கம்மா கேட்டாள்.

"ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா பாப்பா?"

"இல்லக்கா. மழை வருது, அதான் மூடுறேன்."

"மம்பட்டி புடிக்கிற லட்சணத்தப் பாரு. இதுக்குத்தான் காலேஜுல படிச்சியா? இங்க குடு."

ராக்கம்மா கயிற்றைத் தாண்டி வந்தாள். பனிமலர் மம்பட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். தோட்டத்தில் வேலை செய்த கை. பத்தே நிமிடத்தில் குழி நிரம்பிவிட்டது. மேல்மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்கியும் கொடுத்தாள்.