வெட்ட வெட்ட வந்தவர்

ரியோவில் ராணுவ ஆட்சியின் ஏழாம் வருடம். படத்தொகுப்பாளர் சுலெய்க்காவுக்குத் தணிக்கை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊர்வலக் காட்சியில் கடைசியாக நடந்து வரும் தாடிக்காரரை நீக்க வேண்டும்.

அவர் வால்திர், நிஜமான துறைமுகத் தொழிலாளி. படப்பிடிப்பு முடிந்த வாரமே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

சுலெய்க்கா அவர் வரும் துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டி அனுப்பினாள். இன்னொரு கடிதத்தோடு படம் திரும்பி வந்தது. வால்திர் ஊர்வலத்தின் நடுவில் நடந்தார். மறுபடி வெட்டினாள். இப்போது முன்வரிசையில் நடந்தார். மூன்றாவது கடிதமும் வந்தது.

"என்னம்மா, விளையாடுறியா? நம்ம ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவானுங்க!" என்றார் இயக்குநர் அன்செல்மோ.

"கத்தாதீங்கண்ணே. இதைப் பாருங்க."

வெட்டிப்போட்ட துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தெரு இருந்தது, சுவர் இருந்தது. வால்திர் இல்லை.

"ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்ட வர்றாரு. இன்னும் நாலு எட்டுதான்."

அன்செல்மோ உட்கார்ந்தார். சுலெய்க்கா கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். மூன்று கோப்பைகளில் காபி ஊற்றி வைத்தாள். பிறகு கத்தரியை எடுத்தாள்.