மேல் வீட்டுச் சங்கிலி

அன்று மாலையும் மேல் வீட்டில் அடி விழ ஆரம்பித்தது.

முதலில் சங்கிலி சலசலக்கும். அப்புறம் அது எதன் மேலோ ‘ணங்’கென்று விழும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஒன்று. பிறகு வெகு நேரம் எதையோ தேய்க்கிற சத்தம்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அடிக்கிறான், சரி. அடித்துவிட்டு எதைத் தேய்க்கிறான்?

“என்னங்க, கேக்குதா?”

ஆடிட்டருக்குக் கேட்டது. அதனால்தான் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மேல் வீட்டுக்கு அந்தத் தம்பதி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் நல்ல வாட்டசாட்டமான ஆள். பார்க்கிறபோதெல்லாம் சிரித்துப் பேசுவான். இப்படிச் சிரித்துப் பேசுகிறவர்களைத்தான் நம்பக் கூடாது என்று டீச்சர் இப்போது முடிவு கட்டியிருந்தாள். அந்தப் பெண்ணோ இருக்கிற இடம் தெரியாது. காலையில் படிக்கட்டில் பார்த்தபோது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தாள். சட்டைக் கை ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கறை. என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்குக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலை செய்யும்போது பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதையெல்லாம் டீச்சர் சொல்லத்தான் சொன்னாள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், நாளைக்கு அவர்கள் ஒன்றாகிவிடுவார்கள், நடுவில் போனவள் மூக்குதான் உடையும் என்றார் ஆடிட்டர். ஊரில் இருக்கிற கம்பெனிக் கணக்கையெல்லாம் குடைந்து பார்க்கிற மனிதர், மேல் வீட்டுக் கணக்கு மட்டும் நமக்கு வேண்டாம் என்று மூடி வைத்துவிட்டார்.

மேலே இன்னொரு அடி விழுந்தது. இந்தத் தடவை ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

டீச்சர் எழுந்தாள். “நான் போய்ப் பாக்குறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? அவன் உன்னையும் ரெண்டு போட்டா என்ன பண்ணுவ?”

“போட்டா சத்தம் கேக்கும்ல? அப்ப மேல வாங்க.”

“சரி, சரி,” என்றார் ஆடிட்டர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படி ஏறிக்கொண்டே ஒரு சாக்குத் தேடினாள். உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகி எங்கள் சுவரில் தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லலாம். அவன் நம்புவானா? நம்பாவிட்டால்? பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது. இத்தனை நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோமே என்கிற உறுத்தல்தான் அவளை மீதிப் படிகளில் ஏற்றியது.

கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. காலடி கேட்டது. கதவு திறந்தது.

சங்கிலி அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

முடியைத் தூக்கிக் கட்டி, முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்க நின்றாள். இப்போது யாரைக் காப்பாற்றுவது என்று டீச்சருக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை.

“வாங்க டீச்சர்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மேல் வீட்டுக்காரர் தரையில் பழைய பேப்பரைப் பரப்பி உட்கார்ந்து, உப்புத்தாளால் ஒரு புது மரப்பெட்டியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். லீவுக்கு அவருடைய அக்கா பிள்ளைகள் வருகிறார்களாம். அவர்கள் கேரமும் சீட்டும் விளையாட, பின் அறையைக் கடல்கொள்ளையர் கப்பலாக மாற்றுகிறார்களாம். தச்சர் செய்து கொடுத்த பெட்டி பளபளவென்று கல்யாணச் சீர் மாதிரி இருந்ததாம். சங்கிலியால் அடித்து, ஓரத்தைத் தேய்த்து, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் ஊறிய வினிகரைப் பூசினால்தான் நூறு வருஷத்துப் புதையல் பெட்டியாகத் தெரியுமாம். சுவரில் டீத் தண்ணீரில் நனைத்து ஓரம் கருக்கிய ஒரு வரைபடம் தொங்கியது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாள், துருப்பிடித்தது போல் செம்பழுப்புச் சாயம் பூசி. காலையில் சட்டைக் கையில் பார்த்த அதே சாயம்.

“பிள்ளைங்களுக்குன்னு சொல்றார். விளையாடப் போறது இவர்தான்” என்றாள் அந்தப் பெண்.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குழாயைப் பற்றி என்னவோ உளறினாள். இப்போதே வந்து பார்க்கிறேன் என்று அவர் எழுந்ததும், ஐயோ வேண்டாம், நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சங்கிலியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு அந்தப் பெண்ணும் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தாள்.

“குழாய்க்காக வரலதானே நீங்க?”

டீச்சரால் பொய் சொல்ல முடியவில்லை. “தப்பா நினைச்சுட்டேன்மா. மனசுல வெச்சுக்காத.”

“வெச்சுக்கத்தான் போறேன்க்கா” என்றாள் அவள். “இவருக்கு முன்னாடி வேற ஒருத்தரோட வாழ்ந்தேன். அங்க நிஜமாவே அடி விழுந்துது, எனக்கு. கீழ் வீட்டுல ஆள் இருந்தாங்க. யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டாங்களான்னு ஒவ்வொரு தடவையும் காத்துட்டிருப்பேன்.”

“யாருமே வரலியா?”

“இல்லக்கா. எனக்கு அடி விழ விழ, அவங்க வீட்டு டிவி சத்தம் கூடும்.”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மேல் வீட்டுக்காரர் சங்கிலியை எடுத்துப் பெட்டி மேல் ஓங்கிப் போட்டார். படிக்கட்டே அதிர்ந்தது.

டீச்சர் தன்னையறியாமல் கீழே எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது.

உள்ளே டிவி சத்தம் கூடியது.