மேலே யாரும் இல்லை

"சோத்துத் தட்டோட எங்க அண்ணை போறீங்க? மேல ஆரும் இல்லையே!"

இமெல்டாவின் குரல் கேட்டதும் இராஜநாயகம் படியிலேயே நின்றுவிட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த லொட்ஜ். வாசல் மேசையில் ஆட்களைப் பதிவது இமெல்டாவின் வேலை. இராஜநாயகம் சமையற்காரர். மொட்டைமாடியில் இருந்தது உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கும் அறை ஒன்றுதான்.

"சத்தம் போடாதை தங்கச்சி. சொல்லுறன்."

அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு பொடியன். ரெயில் பாதையோரம் கல்லுகளுக்கை சுருண்டு கிடந்தவன். நெருப்பாய்க் காய்ஞ்சுது உடம்பு. விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதானே?"

"கொண்டுபோனால் பிடிச்சிடுவாங்கள்."

"சண்டையில நிண்டவனா?"

"ஓம். வன்னியிலை. இனி ஏலாது எண்டு துவக்கைப் போட்டிட்டு ஓடி வந்தவன்."

"ஐயோ மாதாவே! பொலிசில பதியாத ஆள வச்சிருந்தாலே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவாங்க. இப்பிடிப்பட்டவன வச்சிருக்கீங்களே! எனக்கு ரெண்டு பிள்ளைகள் இருக்கு அண்ணை. அவன வீட்டுக்கு அனுப்புங்க."

"வீட்டையும் தேடிப் போயிட்டாங்கள். தாயை வெருட்டியிருக்கிறாங்கள். இருவது வயசும் இராது தங்கச்சி. காய்ச்சல் விடட்டும், அனுப்பிடுவன்."

இராஜநாயகத்தின் ஒரே மகன் ஊரில் அரசாங்க ஆமி அடித்த ஷெல்லில் செத்துப்போனவன். அந்தச் செய்தி வந்த அன்றும் அவர் சமைத்துவிட்டுத்தான் அழுதார் என்பது இமெல்டாவுக்குத் தெரியும்.

"உங்கட மகன நினைச்சுத்தானே இதச் செய்றீங்க?" என்றாள் மெதுவாக.

"ஓம். அவனை நினைச்சுத்தான்."

அவள் மேசைக்குத் திரும்பி வந்தாள். பக்கத்தில் ரெலிபோன். முதலாளி இப்றாஹிம் ஹாஜியார் வேலையாட்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்: "சந்தேகமா ஆரயும் கண்டா ஒடன பொலிசுக்குச் சொல்லிருங்க. எனக்கிட்டக் கேக்கவும் வாணாம்."

சொன்னால் இராஜநாயகம் வெளியே வரவே மாட்டார். சொல்லாமல் பிடிபட்டால் தானும் உள்ளே. பிள்ளைகளை யார் பார்ப்பது? பற்றிக்கால் முடியுமா?

அவளுடைய கணவன் பற்றிக்கை, கொட்டாஞ்சேனையில் நடந்த சுற்றிவளைப்பில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். முகமூடி போட்ட யாரோ ஒருவன் ஜீப்புக்குள் இருந்தபடி அவனைப் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான். தடுப்பு முகாமிலிருந்து திரும்பி வந்த பற்றிக் இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்குக் கீழே போகிறான்.

பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. இமெல்டா ரிசீவரைத் தூக்கினாள்.

எண்ணைச் சுழற்றுமுன் வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. ரிசீவரை வைத்துவிட்டாள்.

சார்ஜன்ட் ஒருவனும் இரண்டு பொலிஸ்காரர்களும் உள்ளே வந்தார்கள். அறைகளில் இருந்தவர்களை எல்லாம் கீழே இறக்கி வரிசையில் நிறுத்தி அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். இராஜநாயகம் சமையலறை வாசலில் நின்றார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

சார்ஜன்ட் மேசைக்கு வந்தான். சிங்களத்தில், ஆனால் மரியாதையாகவே கேட்டான். "பயப்படாதீங்க மிஸ். இங்க ஒளிஞ்சிருக்கிற ஆள் யாராவது இருக்கா? சொன்னா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

இமெல்டா வாயைத் திறந்தாள். சொல்லக்கூடத் தேவையில்லை, மாடிப்பக்கம் பார்த்து ஒருமுறை தலையாட்டினால் போதும்.

கழுத்து அசைய மறுத்தது.

"இல்ல சேர்," என்றாள் அவளும் சிங்களத்தில்.

"மேலே?"

"மேலே யாரும் இல்லை. உடைஞ்ச கட்டில்கள்தான். அறைச் சாவி முதலாளியிட்ட."

ஒரு பொலிஸ்காரன் படியில் கால் வைத்தான். இரண்டு படி ஏறி மேலே அண்ணாந்து பார்த்தான். மேசைக்கு அடியில் இமெல்டா தன் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வா, வா, இன்னும் எவ்வளவு இடம் பாக்க இருக்கு," என்றான் சார்ஜன்ட்.

ஜீப் போனதும் அவளுக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம் வந்தது.

"கதவத் திறங்க அண்ணை. ஆருக்காக என்ட பிள்ளைகள நடுத்தெருவில விடப் பாத்தனான் எண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்."

இராஜநாயகம் முன்னே ஏறினார். மடியிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கட்டில்களுக்கு நடுவே, பழைய சாரம் உடுத்த ஒரு மெலிந்த பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். அரும்பு மீசை. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"எல்லாம் உன்னாலதான்! எந்த ஊர் தம்பி நீ? வாயத் திறந்து சொல்லு!"

பையன் மிரண்டுபோய் இராஜநாயகத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினான்.

"அக்கே... மட்ட தெமள தேரென்னே நே," என்றான். தனக்குத் தமிழ் விளங்காது என்று சிங்களத்தில் சொன்னான்.

இமெல்டா திரும்பினாள். இராஜநாயகம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆமிக்காரன், தங்கச்சி."