மாஸ்டரின் இடக்கண்

கட்டிங் மாஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் மெல்கிறார். இடக்கண்ணிலிருந்து நீர் வழிந்து ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது. எதிரே, புதிதாகச் சேர்ந்த தையல்காரி பதறுகிறாள். “என்ன மாஸ்டர், அழறீங்க?” “அழலம்மா. முகவாதம் வந்து சரியானப்போ, எச்சில் ஊறவைக்கிற நரம்பு வழிதவறிக் கண்ணுக்குப் போயிடுச்சு. வாய் மென்னா கண்ணு ஊறும்.” அவள் சிரித்து, ஒரு வெட்டுத்துணியை நீட்டிவிட்டு எழுந்து போகிறாள். உயிரோடு இருந்தவரை மனைவி இதே பெஞ்சில் இடப்பக்கம் உட்கார்ந்து, ஊர்வம்பை நிறுத்தாமலே அந்தக் கண்ணைத் துடைத்துவிடுவாள். துணி கையிலேயே இருக்கிறது. மெல்வதை நிறுத்துகிறார். இடக்கண் ஊறுவது நிற்கவில்லை. வலக்கண்ணும் சேர்ந்துகொள்கிறது. யாராவது கேட்பதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். வலக்கண்ணுக்குச் சொல்ல அவரிடம் நரம்புக் கதை எதுவும் இல்லை.